நிலநடுக்கத்தின்போது கட்டுமானங்கள் எவ்வாறு இயங்குகின்றன?

2001ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26ஆம் நாள், குடியரசு நாளன்று காலை 8 மணி 46 நிமிடத்திற்குக் குஜராத் மாநிலத்தின் கட்சுப் பகுதியில் பெரியதொரு நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதன் அளவு 7.7 எனக் கணிக்கப்பட்டது. மையத்திலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆமதாபாத் நகரத்தில் நிலத்தின் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. அவ்வளவு தொலைவில், அவ்வளவு மெலிந்த அசைவிலும் அந்நகரின் பல அடுக்கு மாடிக் கட்டடங்கள் பல இடிந்து வீழ்ந்தன. வீழ்ந்த கட்டடத்தின் அண்டையிலேயே, ஒரு சுவர்கூட வெடிக்காமல் சிறு வீடுகள் நின்றன.

நிலம் ஒன்றே, அசைவும் ஒன்றே. ஆயினும் ஒன்று வீழ்ந்ததும் மற்றொன்று நின்றதும் ஏன்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதிர்ச்சிக்குப் பின் சேதங்களைப் பார்வையிடும் களப் பணியாளர்களும், இப்பொருளை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும் பயன்படுத்தத்தக்க முறையில் இது எழுதப்பட்டுள்ளது. பள்ளி இறுதி வகுப்பு அளவிலான கணிதமே இதற்குப் போதும்.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு

நிலம் அசையும்போது அதன்மேல் நிற்கும் கட்டுமானம் அடையும் இடப்பெயர்ச்சி, வேகம், முடுக்கம் ஆகிய அனைத்தையும் சேர்த்து இங்கு 'எதிரியக்கம்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றோம். இச்சொல்லைக் கேட்டவுடன், நிலம் கட்டடத்தைத் தாக்குகிறது என்றும், கட்டடம் அத்தாக்குதலை எதிர்க்கிறது என்றும் கருதுதல் கூடாது. புயற்காற்று கட்டடத்தின் மீது வெளியிலிருந்து மோதுகிறது. நிலநடுக்கமோ அவ்வாறு மோதுவதில்லை. கட்டடத்தின் அடியை இழுத்துச் செல்கிறது. நின்றுகொண்டிருக்கும் பேருந்து திடீரெனப் புறப்படும்போது, உள்ளே நிற்பவரின் கால்கள் வண்டியோடு முன்னே செல்ல, உடல் பின்னே சாய்கின்றது. அவரை எவரும் தள்ளவில்லை. அவருடைய உடலின் சடத்துவமே அவரைச் சாய்க்கின்றது. கட்டடத்தின் நிலையும் இஃதே. ஆதலின், எடை மிகுந்த கட்டடத்தின்மேல் நிலநடுக்கத்தின் விசையும் மிகுதியாகும்.

1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அஸ்ஸாமில் நிகழ்ந்த பெரு நடுக்கத்தில் ஷில்லாங் நகரின் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. அதன்பின் அங்கு எழுந்த வீடுகளில், மரச்சட்டங்களுக்கு இடையே நாணலும் மூங்கிலும் வைத்து மேலே காரை பூசிய மெல்லிய சுவர்கள் அமைக்கப்பட்டன, கூரையும் இலேசாக்கப்பட்டது. 'அஸ்ஸாம் முறை வீடு' என்று அது பெயர் பெற்றது. சமன்பாடு எதனையும் எழுதாமலே, சடத்துவத்தைக் குறைத்தல் வேண்டும் என்னும் உண்மையை மக்கள் பட்டறிவால் கண்டுகொண்டனர். இதற்கு மாறாக, 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மகாராஷ்டிரத்தில் லாத்தூர் அருகே கில்லாரியில் நேர்ந்த நடுக்கத்தில், தடித்த கருங்கல் சுவர்களும் அவற்றின்மேல் கனத்த மண் கூரையும் கொண்ட வீடுகளே உறங்கியவர்களின் மேல் சரிந்து பல்லாயிரம் உயிர்களைக் கொண்டன. வெயிலின் கடுமையைத் தணிப்பதற்காக ஏற்றப்பட்ட மண்ணே அன்று எமனாயிற்று.

எளிய மாதிரி: ஒரு சுமையும் ஒரு தண்டும்

கட்டுமானங்களுள் ஆராய்வதற்கு மிக எளியது உயர்நிலை நீர்த்தொட்டியாகும். மேலே பெருஞ்சுமை, கீழே அதனைத் தாங்கும் தண்டு. அதனை ஒரு பக்கம் இழுத்து விட்டால் ஊசலைப்போல் இருபுறமும் ஆடும். ஒருமுறை சென்று மீண்டு வருவதற்கு ஆகும் நேரம் அதன் இயற்கை அலைவு காலம் எனப்படும். அது இரண்டு பண்புகளைப் பொறுத்தது. ஒன்று, மேலுள்ள பொருண்மை. மற்றொன்று, தண்டின் விறைப்பு. அஃதாவது, சுமையை ஒரு மீட்டர் அளவு நகர்த்துவதற்கு வேண்டிய விசை. இவற்றின் தொடர்பு வருமாறு:

அலைவு காலம் = 6.28 × (பொருண்மை ÷ விறைப்பு) என்பதன் வர்க்கமூலம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நீர் நிறைந்த தொட்டியின் பொருண்மை 1,00,000 கிலோகிராம் எனக் கொள்க. 4 கிலோநியூட்டன் விசையால், அஃதாவது சுமார் 400 கிலோகிராம் எடையின் இழுப்பால், தொட்டி 1 மில்லிமீட்டர் நகருமாயின், விறைப்பு மீட்டருக்கு 40,00,000 நியூட்டன் ஆகும். பொருண்மையை விறைப்பால் வகுத்தால் 0.025; அதன் வர்க்கமூலம் 0.158; அதனை 6.28ஆல் பெருக்கினால், அலைவு காலம் ஏறத்தாழ 1 விநாடி எனக் கிடைக்கும். அதே தொட்டி காலியாக இருக்கும்போது பொருண்மை 40,000 கிலோகிராம் எனில், அலைவு காலம் 0.63 விநாடியாகக் குறையும்.

ஒரே தொட்டி நீர் நிறைந்திருக்கும்போது ஒரு கட்டுமானமாகவும், வெறுமையாக இருக்கும்போது வேறொரு கட்டுமானமாகவும் நடந்துகொள்கிறது என்பதை இதிலிருந்து உணர்க. ஆதலால், அதிர்ச்சிக்குப் பின் நீர்த்தொட்டியைப் பார்வையிடும் பணியாளர், நடுக்கம் நிகழ்ந்த வேளையில் அதில் எவ்வளவு நீர் இருந்தது என்பதைத் தொட்டிக் காவலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். அவ்வொரு குறிப்பு இல்லையேல், பின்னர் செய்யப்படும் கணக்கு யாவும் ஐயத்திற்கு இடமாகும்.

கட்டடங்களுக்கும் இவ்வாறே அலைவு காலம் உண்டு. காங்கிரீட் சட்டக் கட்டடத்திற்கு மாடி ஒன்றுக்கு ஏறத்தாழ 0.1 விநாடி எனக் கொள்வது இந்தியத் தரவிதியின் முற்பதிப்புகளில் இருந்த எளிய முறையாகும். அதன்படி இரண்டு மாடி வீட்டிற்கு 0.2 விநாடி, பத்து மாடிக் கட்டடத்திற்கு 1 விநாடி.

ஒத்ததிர்வும் தணிப்பும்

ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு ஏற்ற வேளையில் மீண்டும் மீண்டும் தள்ளினால், சிறு குழந்தையின் கையால்கூட அது உயரச் செல்லும். வேளை தவறித் தள்ளினால், பலசாலி தள்ளினாலும் ஊஞ்சல் தடுமாறுமேயன்றி உயராது. நிலத்தின் அசைவுக் காலமும் கட்டுமானத்தின் அலைவு காலமும் ஒன்றாகும்போது ஆட்டம் பெருகுகின்ற இந்நிலையை ஒத்ததிர்வு என்பர்.

அதற்கு எல்லை வகுப்பது தணிப்பு. ஆடும் கட்டடத்தில் உராய்வினாலும் நுண்ணிய வெடிப்புகளாலும் ஆற்றல் வெப்பமாக மாறி அழிகிறது. காங்கிரீட் கட்டுமானங்களுக்குப் பொதுவாக 5 சதவீதத் தணிப்பு கொள்ளப்படும். இவ்வளவு தணிப்புள்ள கட்டுமானத்தை இழுத்து விட்டால், ஒவ்வோர் ஆட்டத்திலும் வீச்சு முந்தியதில் 73 சதவீதமாகக் குறையும். பத்து ஆட்டங்களில் ஏறக்குறைய அடங்கிவிடும். சீரான அசைவு இடைவிடாது தொடருமாயின், ஒத்ததிர்வில் இக்கட்டுமானத்தின் ஆட்டம் பத்து மடங்கு பெருகக்கூடும். நல்வினையாக, நிலநடுக்கம் சீரானதன்று; நெடுநேரம் நீடிப்பதும் அன்று. அதனால் உண்மையில் பெருக்கம் பெரும்பாலும் இரண்டரை மடங்கை ஒட்டி அமைகின்றது.

ஆயினும் மண்ணின் தன்மை இதனை மாற்றவல்லது. 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் மெக்சிகோ நகரில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். நடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால் பசிபிக் கரையில் இருந்தது. ஆனால் நகரின் ஒரு பகுதி பண்டை ஏரியின் மென்களிமண்ணின்மேல் அமைந்திருந்தது. அக்களிமண் 2 விநாடிக் காலத்தோடு சீராக ஆடியது. 6 முதல் 15 மாடி வரை உயர்ந்த கட்டடங்களே அங்குப் பேரளவில் சேதமடைந்தன. தாழ்ந்த வீடுகள் பல தப்பின.

வகுப்பறையில் செய்து காட்டல்

இரும்பு அறுக்கும் ரம்பத் தகடுகள் மூன்றினை வாங்குக. ஒரு பலகையில் இவற்றைச் செங்குத்தாக நிறுத்தி, பலகைக்கு மேல் 12, 18, 24 சென்டிமீட்டர் உயரம் நிற்குமாறு அடியை இறுகப் பிணைக்கவும். தகடுகளின் அகன்ற முகம், பலகையை அசைக்கும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். ஒவ்வொன்றின் தலையிலும் 50 கிராம் களிமண் உருண்டையைப் பொருத்துக. பலகையை மேசைமேல் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து, அசைவின் விரைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. முதலில் நெட்டைத் தகடு மட்டும் பெரிதும் ஆடும், பின்னர் நடுத்தகடு, இறுதியில் குட்டைத் தகடு. ஒரே பலகை, ஒரே கை. ஆயினும் அசைவின் விரைவுக்கு ஏற்ப ஆடுவது வேறு வேறாகின்றது. உயரம் இரு மடங்கானால் அலைவு காலம் 2.8 மடங்குக்குக் குறையாது நீளும் என்பதை மாணவர்கள் கடிகாரத்தைக் கொண்டு தாமே சரிபார்க்கலாம். குட்டைத் தகட்டின் ஆட்டம் விரைவானது ஆதலால், பத்துப் பத்து ஆட்டங்களாக எண்ணி நேரத்தை வகுத்தல் நலம்.

எதிரியக்க நிறமாலை

இம்மூன்று தகடுகளுக்குப் பதிலாக நூறு தகடுகளை, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலைவு காலம் கொண்டதாக, ஒரே பலகையில் நிறுத்தி, உண்மையான நிலநடுக்கத்தின் அசைவை அப்பலகைக்குக் கொடுத்ததாகக் கற்பனை செய்க. ஒவ்வொரு தகடும் அடைந்த உச்ச முடுக்கத்தை அதன் அலைவு காலத்திற்கு நேரே குறித்து, அப்புள்ளிகளைக் கோடிட்டு இணைத்தால் கிடைக்கும் வரைபடமே எதிரியக்க நிறமாலை எனப்படும். இக்கருத்தை 1932ஆம் ஆண்டில் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் மாரிஸ் பயோ என்பார் தம் ஆய்வேட்டில் வெளியிட்டார். 1940ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோவில் பதிவான வன்னடுக்கம், உலகெங்கும் இத்தகைய கணக்குகளுக்கு முதற்பாடமாக அமைந்தது. ஜார்ஜ் ஹௌஸ்னர் பல பதிவுகளின் நிறமாலைகளைச் சராசரி செய்து, வடிவமைப்பிற்கு ஏற்ற மென்கோடுகளாக்கித் தந்தார்.

நம் நாட்டில் ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டில் நிலநடுக்கப் பொறியியலுக்கெனத் தனிப் பள்ளி நிறுவப்பட்டது. பேராசிரியர் ஜெய் கிருஷ்ணா அதன் முன்னோடியாவார். கற்பனைத் தகடுகளை உண்மையாக்கியது போன்ற கருவியொன்று அங்கு உருவாயிற்று. அதில் 0.40, 0.75, 1.25 விநாடி அலைவு காலங்களைக் கொண்ட ஊசல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் உச்ச வீச்சைப் புகையேற்றிய கண்ணாடியில் கீறிவைத்தது. மின்சாரம் வேண்டாத, விலை குறைந்த அக்கருவி, நிறமாலையின் சில புள்ளிகளை நேராகவே நமக்கு அளித்தது. 1962ஆம் ஆண்டில் இந்தியத் தரநிறுவனம் 1893 என்னும் எண்ணுள்ள தரவிதியை முதன்முதலாக வெளியிட்டது.

அத்தரவிதியின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலுள்ள நிறமாலையை நம் நீர்த்தொட்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். 5 சதவீதத் தணிப்பில், 1 விநாடி அலைவு காலத்திற்குரிய பெருக்க எண் பாறையின்மேல் 1.00, நடுத்தர மண்ணில் 1.36, மென்மண்ணில் 1.67. நில முடுக்கம் புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், நீர் நிறைந்த தொட்டியின்மேல் பக்கவிசை பாறையில் சுமார் 100 கிலோநியூட்டன். மென்மண்ணில் 167 கிலோநியூட்டன். விறைப்பால் வகுத்தால், தொட்டியின் இடப்பெயர்ச்சி முறையே 25 மில்லிமீட்டரும் 42 மில்லிமீட்டரும் ஆகும். தொட்டியும் தண்டும் மாறவில்லை. அடிநிலம் மட்டுமே மாறியது. அதனாலேயே விசை மூன்றில் இரு பங்கு கூடிற்று.

இவ்விசை தண்டின் அடியில் பெரும் வளைவுத் திருப்பத்தை விளைவிக்கும். 12 மீட்டர் உயரமுள்ள தொட்டியாயின், மென்மண்ணில் அத்திருப்பம் ஏறத்தாழ 2,000 கிலோநியூட்டன் மீட்டர் ஆகும். 2001ஆம் ஆண்டு நடுக்கத்தில் குஜராத்தின் நீர்த்தொட்டிகள் பலவற்றின் உருளைத் தண்டுகளில், அடிப்பகுதியைச் சுற்றி வளையமாக வெடிப்புகள் தோன்றின. சில தொட்டிகள் அடியோடு வீழ்ந்தன. உருளைத் தண்டு முறிந்தால் சுமையை ஏந்துவதற்கு வேறு வழி இல்லை என்பதை அவை காட்டின.

கொய்னா அணை கற்பித்த பாடம்

நிறமாலை முறைக்கு முன்னர், கட்டுமானத்தின் எடையில் ஒரு குறிப்பிட்ட பங்கைப் பக்கவிசையாகக் கொண்டு, அது அசையாமல் நிலையாகத் தள்ளுவதுபோல் கணக்கிடுவதே வழக்கம். மகாராஷ்டிரத்தில் 103 மீட்டர் உயரமுள்ள கொய்னா அணையும் இவ்வாறே, எடையில் 5 சதவீதத்தைப் பக்கவிசையாகக் கொண்டு திட்டமிடப்பட்டது. 1967ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் விடியற்காலை அங்கு நிலம் நடுங்கியது. அணைக்குள் இருந்த கருவி, அணையின் நீளவாட்டில் புவியீர்ப்பின் 0.63 பங்கும், குறுக்குவாட்டில் 0.49 பங்கும் முடுக்கத்தைப் பதிவு செய்தது. கணக்கிற் கொண்டதைவிடக் குறுக்குவாட்டில் மட்டுமே ஏறத்தாழ பத்து மடங்கு!

ஆயினும் அணை வீழவில்லை. அத்துணைப் பெரிய முடுக்கம் கண்ணிமைப்பொழுதே நின்று, உடனே திசை மாறிவிட்டது. அணையைச் சாய்ப்பதற்கு அது போதவில்லை. ஆனால் உயர்ந்த பகுதிகளின் இருமுகங்களிலும் கிடையான வெடிப்புகள் தோன்றின. எங்கே தோன்றின என்பதே பாடமாகும். பழைய முறைக் கணக்கு, பெருந்தகைவு அணையின் அடியில்தான் உண்டாகும் என்று கூறியது. வெடிப்புகளோ, பின்புறச் சரிவு திடீரென மாறி அணை குறுகுகின்ற மேல்மட்டத்தில் விழுந்தன. அணை முழுவதும் ஒரே முடுக்கத்தோடு நகர்கிறது என்னும் கொள்கை பிழையானது. அடியைவிடத் தலை பன்மடங்கு மிகுதியாக ஆடுகின்றது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பெர்க்லியில் அனில் சோப்ரா முதலியோர் செய்த இயக்கவியல் ஆய்வு, இழுதகைவு மிகுவது அக்குறுகலிலேயே என்பதைக் காட்டிற்று. பின்னர் அணைக்குக் காங்கிரீட் முட்டுகள் கொடுக்கப்பட்டு உறுதி கூட்டப்பட்டது.

பொழுதுதோறும் கணக்கிடுதல்

மென்கோட்டு நிறமாலை உச்ச மதிப்பை மட்டுமே கூறும். அணை, பெரும் பாலம், அணு உலை போன்றவற்றிற்கு, நடுக்கத்தின் ஒவ்வொரு கணத்திலும் நிகழ்வது யாதென அறிதல் வேண்டும். அதற்கு நில அசைவின் பதிவை 0.02 விநாடி போன்ற சிறு சிறு பொழுதுகளாகப் பிரிப்பர். ஒரு பொழுதின் தொடக்கத்தில் இடப்பெயர்ச்சி, வேகம், முடுக்கம் தெரியும். அவற்றைக் கொண்டு அப்பொழுதின் முடிவில் அவை என்னவாகும் எனக் கணக்கிடுவர். அம்முடிவே அடுத்த பொழுதின் தொடக்கமாகும். நாதன் நியூமார்க் 1959ஆம் ஆண்டில் வகுத்த முறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. உறுப்புகள் வெடித்து விறைப்புக் குறைந்தால், அந்த மாற்றத்தையும் அடுத்த பொழுதிலிருந்து கணக்கிற் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இதன் சிறப்பு.

ஆமதாபாத்திற்கு மீள்வோம்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை கூறலாம். வீழ்ந்த கட்டடங்களுள் மிகப் பலவற்றில், வண்டிகளை நிறுத்துவதற்காகத் தரைத்தளம் சுவரின்றித் தூண்களோடு மட்டும் விடப்பட்டிருந்தது. மேல் தளங்களிலோ செங்கற் சுவர்கள் நிறைந்து விறைப்பை மிகுவித்தன. ஆதலின் மேற்பகுதி முழுவதும் ஒரே பாறாங்கல்லைப்போல் நகர, வளைய வேண்டிய அளவனைத்தும் தரைத்தளத் தூண்களின்மேல் விழுந்தது. நம் எளிய மாதிரியாகிய நீர்த்தொட்டியையே அறியாமல் கட்டடமாக எழுப்பிவிட்டனர் எனலாம். நகரம் அமைந்த ஆற்று வண்டல், பல மாடிகளின் நீண்ட அலைவு காலத்திற்கு உரிய அசைவைப் பெருக்கியது. தூண்களில் வளையக் கம்பிகள் அடர்த்தியாக இருந்திருப்பின், அவை வளைந்து கொடுத்து ஆற்றலை விழுங்கி, கட்டடத்தைச் சாய்ந்த நிலையிலாயினும் தாங்கியிருக்கும். கம்பிகள் அரிதாக இருந்தமையால் தூண்கள் வளையவில்லை, நொறுங்கின. அருகிலிருந்த சிறு வீடுகளோ குறுகிய அலைவு காலமும், தரையிலிருந்தே எழும் சுவர்களும் உடையன, ஆதலின் நின்றன.

களப் பணியாளர் கவனிக்க வேண்டுவன

ஒன்று: கட்டடத்தின் விறைப்பு எத்தளத்திலேனும் திடீரெனக் குறைகின்றதா எனப் பார்க்க.

இரண்டு: எடை மேலே குவிந்துள்ளதா, கீழே உள்ளதா எனக் குறிக்க.

மூன்று: வெடிப்பின் வடிவத்தை வரைந்து கொள்க. சன்னல்களுக்கு இடைப்பட்ட சுவரில் குறுக்கு நெடுக்காகப் பெருக்கற்குறிபோல் விழுந்த வெடிப்பு, இருதிசை ஆட்டத்தின் அறிகுறி. மூலையில் செங்குத்தான பிளவு, இரு சுவர்களும் பிணைப்பின்றி தனித்தனியே ஆடியதன் அறிகுறி.

நான்கு: கற்சுவராயின், இரு முகங்களையும் இணைக்கும் முழுநீளக் கற்கள் உள்ளனவா என்றும், கதவு சன்னல்களின் மேல்மட்டத்தில் கட்டடத்தைச் சுற்றி அறுபடாத காங்கிரீட் பட்டை செல்கின்றதா என்றும் காண்க.

ஐந்து: அடிநிலம் பாறையா, ஆற்று மணலா, களிமண்ணா என எழுதுக. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் நேர்ந்த நடுக்கத்தில், நீர் செறிந்த மணல் உறுதியிழந்து குழம்புபோலாக, உடையாத கட்டடங்கள்கூடச் சாய்ந்து அமிழ்ந்தன என்பதை மறவற்க.

பயிற்சி வினாக்கள்

1. நம் நீர்த்தொட்டி காலியாக இருக்கும்போது, பாறையின்மேல் அதன் பெருக்க எண் 1.59 எனக் கொண்டு, பக்கவிசையையும் இடப்பெயர்ச்சியையும் கணக்கிடுக. (விடை: சுமார் 64 கிலோநியூட்டன்; 16 மில்லிமீட்டர்.)

2. தண்டின் விறைப்பை நான்கு மடங்காக்கினால், அலைவு காலம் என்னவாகும்? (விடை: பாதியாகும்.)

3. உங்கள் பள்ளிக் கட்டடத்தின் அலைவு காலத்தை மாடிக் கணக்கால் மதிப்பிடுக. அதன் எத்தளத்தில் சுவர்கள் குறைவு எனக் காண்க.

மூன்றாம் வினாவிற்கு இங்கு விடை தரப்படவில்லை. அதனை மாணவர்களும் ஆசிரியரும் கட்டடத்தைச் சுற்றி வந்தே எழுதல் வேண்டும். 2001ஆம் ஆண்டு அக்குடியரசு நாளன்று அஞ்சார் என்னும் ஊரில், கொடி ஏந்தி ஊர்வலமாகச் சென்ற பள்ளிச் சிறுவர்கள், ஒடுங்கிய தெருவின் இருமருங்கும் இருந்த கட்டடங்கள் சரிந்து வீழ்ந்ததால் மாண்டனர். 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் அங்கு உயிர் நீத்தனர். நிலம் நடுங்குவதை நிறுத்த நம்மால் இயலாது. நடுங்கும்போது எச்சுவர் எப்பக்கம் செல்லும் என முன்னரே அறிந்து, அதனைப் பிணைத்து வைத்தல் நம்மால் இயலும்.